தையலுக்குள் போன பொட்டல்

ஆனைக்குழிப்பட்டி நகர ஆரம்பித்தது பங்குனி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு. பெரிய நகர்வு என்று சொல்ல முடியாது. ஓர் ஆள் ஓர் எட்டு வைத்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவுதான், கோயிலும் குளமும் மூன்று தெருவும் ரேஷன் கடையும் மாட்டு ஆஸ்பத்திரியும், சுவரில் சாத்திய சைக்கிள் சாத்தியபடியே, கொடியில் காய்ந்த சேலை காய்ந்தபடியே, கிழக்கே ஓர் எட்டு தள்ளிப்போய் நின்றன, அடுப்பில் இருந்த பால்கூடத் தளும்பவில்லை. பிறகு இன்னோர் எட்டு. பிறகு இன்னொன்று. மளிகைக் கடை ரோசாப்பூ வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே நிமிர்ந்தவள், "உறுமிக்காரர் வீடு கிட்ட வந்த மாதிரி இருக்கே" என்றாள். அவள் புருஷன் தலையைத் தூக்காமல், "கண்ணாடிய மாத்துன்னு எத்தன தடவ சொல்றது" என்றார். பன்னிரண்டு மணிக்கு நகர்வது நின்றபோது உறுமிக்காரர் சன்னாசியின் வீடு கோயில் தெருவின் மூன்றாவது வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது, அந்த வீட்டுக்காரர்கள் அப்போதுதான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்ததால் எழுந்துபோய் விசாரிக்கவில்லை.

அந்த வீடு அங்கே இருக்கக் கூடாது. எங்கள் ஊருக்கும் மேளக்காரர் தெருவுக்கும் நடுவில் இருநூறு எட்டு நீளத்துக்கு ஒரு பொட்டல் உண்டு. அதில் எதுவும் விளைந்ததில்லை, யாரும் எதுவும் கட்டியதில்லை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நாங்கள் ஆள் அனுப்புவோம், அவர்கள் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பொட்டலைத் தாண்டி வருவார்கள், அடிப்பார்கள், திரும்பிப் போவார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை என்று சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவில் அம்மன் அந்தத் தெருவுக்குப் போகும், அம்மனுக்குப் பின்னால் நாங்களும் போவோம், அம்மன் திரும்பும்போது நாங்களும் திரும்பிவிடுவோம்.

சன்னாசியின் ஒரே மகள் ரூபிணி சென்னையில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தாள். பொம்மையைக் கொஞ்சம் அசைத்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் அசைத்து இன்னொரு படம், நொடிக்குப் பன்னிரண்டாக ஓடவிட்டால் பொம்மை நடக்கும், அதுதான் படிப்பு. முதல் வருஷம் ஒரு பனையோலைக் கிளியைத் தாளத்துக்குத் தலையாட்ட வைத்தாள். இரண்டாம் வருஷம் ஒரு மண்குதிரையை அழ வைத்தாள். அதைப் பார்த்த ஆசிரியை, "ரொம்ப அழகா இருக்கு ரூபிணி, ஆனா இதுல நீ எங்க இருக்க?" என்று கேட்டுவிட்டார். கடைசி வருஷத்துக்கு நாட்டுக் கைவேலை, இசை, தன் அடையாளம் மூன்றும் சேர்ந்து மூன்று நிமிஷப் படம் ஒன்று எடுத்து வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து "எங்கப்பா மியூசிஷியன்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்த பெண் அவள். கேட்டவர்கள் வயலின் என்றோ கிடார் என்றோ தாங்களே நினைத்துக்கொண்டார்கள், அவளும் திருத்தவில்லை. படம் எடுக்க எங்கே போவது என்று கொஞ்ச நாள் யோசித்தாள், பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் அப்பா நாற்காலியில் இருந்தார். போன வருஷம் மாசியில் வாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சில் பாதி மூன்றையும் கொண்டுபோய்விட்டது. உறுமிக்கு இரண்டு முகம். இடது முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும், அது கன்றைத் தேடும் மாடு மாதிரி முனகும். வலது முகத்தை நேர்க்குச்சியால் அடிக்க வேண்டும், தாளம் அங்கேதான் இருக்கிறது. சன்னாசிக்கு இப்போது தேய்க்க மட்டும்தான் முடியும். நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்து மடியில் உறுமியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருப்பார், கேட்கிறவர்களுக்கு அடுத்து அடி விழும் விழும் என்று இருக்கும், விழாது.

அம்மா பஞ்சவர்ணத்துக்குத் தையல் வேலை. தேரில் உருளை உருளையாகத் தொங்குமே, சிங்கமும் மயிலும் பூவும் பல நிறத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்திருப்பார்களே, அந்தத் தொம்பைகளை மதுரைக் கடை ஒன்றுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சித்திரை பிறந்துவிட்டால் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ரூபிணி அம்மாவின் கத்தரித்த துண்டுகளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அப்பாவை வெட்டினாள். கறுப்புத் துணியில் முகம், சிவப்பில் சட்டை, மஞ்சளில் வேட்டி, முழங்காலுக்கும் முழங்கைக்கும் சட்டைப் பொத்தான். பொத்தானைத் திருகினால் கால் மடங்கும், நீளும். பன்னிரண்டு திருகலில் அப்பா ஓர் எட்டு வைப்பார். ஆனால் நிற்கிற இடத்திலேயே கால் மாற்றினால் அது நடை ஆகாது, பின்னால் ஊர் நகர வேண்டும், அதற்கு ஊரைத் தைக்க வேண்டும்.

ஊரை அம்மா தைத்தாள். ஒரே துணியில் இடம் போதவில்லை என்று எங்கள் மூன்று தெருவையும் ஒரு துணியில் தைத்தாள், மேளக்காரர் தெருவை இன்னொரு துணியில் தைத்தாள். தன் வீட்டை மட்டும் தைக்கவில்லை, நடக்கிறவர் அங்கிருந்துதானே புறப்படுகிறார் என்று விட்டுவிட்டாள். பொட்டலுக்காக இரண்டு துணியின் ஓரத்திலும் இரண்டிரண்டு விரல் அகலம் மண் நிறத்தில் வெறுமனே விட்டிருந்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துத் தைக்கும்போது, இருபத்திரண்டு வருஷமாகக் கை செய்கிற வேலை, ஓரத்தில் வெறுமனே கிடக்கிற துணியைப் பார்த்தால் தையல்காரியின் கை வேறென்ன நினைக்கும், இரண்டு விரலையும் உள்ளே மடித்துத் தையலுக்குக் கொடுத்துவிட்டாள். மறு முனைகளையும் சேர்த்து மாலைபோல வளையமாக்கி மகளிடம் கொடுத்தாள். பொட்டல் எங்கே என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அந்தப் புதன்கிழமை ரூபிணி வாசல் வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்து வைத்து, செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, துணி அப்பாவை முன்னால் நிறுத்தி, துணி ஊரைப் பின்னால் ஓட்டினாள். "அப்பா, ஒரு தேய் தேய்ங்க, அதுக்கு ஒரு எட்டு இழுக்கிறேன்" என்றாள். சன்னாசி தேய்த்தார், அவள் பொத்தான்களைத் திருகிப் படம் எடுத்துத் துணியை இழுத்தாள், தலை நிமிர்ந்தால் வாசலுக்கு எதிரே கோயில் தெருவின் முதல் வீடு நின்றது. துணியைப் பார்த்தாள், அதிலும் அதே வீடுதான் நின்றது. சரி என்று அடுத்த எட்டுக்கு விரலை வைத்தாள்.

நாளைக்கு அறுபது எட்டு, அதில் நன்றாக விழுந்த கொஞ்சத்தை மட்டும் படத்துக்கு வைத்துக்கொள்வாள். ஆறு நாளில் ஊர் ஒரு சுற்று சுற்றி முடித்து மறுபடியும் முதல் வீட்டுக்கு வந்துவிடும். நேராக நீண்ட ஊர் எப்படி வளையமாகச் சுற்றும் என்று கேட்டவர்கள் உண்டு, அவர்கள் வீடும் முறை வரும்போது வந்து நின்றுவிட்டுப் போனதால் அப்புறம் கேட்கவில்லை. தபால்காரர் இரண்டு நாள் சிரமப்பட்டார், மூன்றாம் நாள் சன்னாசி வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு வீடு வரும்போது கடிதம் கொடுக்கும் வழக்கத்துக்கு மாறிவிட்டார், முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்றும் சொன்னார். மின்கம்பிகள் இழுத்த இழுப்புக்கு நீண்டு கொடுத்தன. பெண் பார்க்க வந்த கூட்டம் ஒன்று மேலத்தெருவில் இறங்கி மேளக்காரர் தெருவில் காபி குடித்துவிட்டு, பெண் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனது. பிறகு இரண்டு வீட்டாரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

எங்களுக்குச் சங்கடம் ஊர் நகர்வதில் இல்லை. கதவைத் திறந்தால் எதிரே சன்னாசி உட்கார்ந்திருக்கிறாரே, அதில்தான் சங்கடம். முப்பது வருஷமாகப் பார்க்கிற ஆள், நின்றும் நடந்தும் அடித்தும் பார்த்திருக்கிறோம், உட்கார்ந்து பார்த்ததில்லை. முதல் சுற்றில் முறை வந்த வீடெல்லாம் தூசி வருகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டாம் சுற்றில் ரோசாப்பூதான் முதலில் பேசினாள், அதுவும் அவள் காரியத்துக்காக.

"ஏ பஞ்சவர்ணம், உம் மக இன்னிக்கு எத்தன எட்டு இழுப்பா?"

"அறுபதும்மா. ஏன் கேக்குறீக?"

"எலுமிச்ச ஊறுகா வெயில்ல வச்சிருக்கேன். அறுபதுக்குப் போனா உங்க வேப்பமரத்து நெழலு வந்துரும். கொஞ்சம் முன்னாடியே நிறுத்தச் சொல்லேன்."

ரூபிணி அன்று ஐம்பத்தேழோடு நிறுத்தினாள். ஊறுகாய் நன்றாகக் காய்ந்தது. சாயங்காலம் ரோசாப்பூ ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு எதிரே போனாள், பஞ்சவர்ணம் வந்து கையை ஏந்தினாள், அங்கே ரோசாப்பூ நின்றுவிட்டாள். எங்களுக்கு உயரத்திலிருந்து போட்டுத்தான் பழக்கம். கையில் கொடுத்துப் பழக்கம் இல்லை, கிண்ணத்தையோ உயரத்திலிருந்து போட முடியாது. ரோசாப்பூ கிண்ணத்தைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள், பிறகு கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து கடையில் உட்கார்ந்துகொண்டு, தெளித்த வெற்றிலைக்கே மறுபடியும் தண்ணீர் தெளித்தாள்.

அதற்குப் பிறகு அது ஒரு முறையாகிவிட்டது. ரேஷன் கடைப் பலகையில் அரிசி, பருப்புக்குக் கீழே "இன்று எதிர்வீடு" என்று சாக்பீஸால் பெயர் எழுதுவார்கள். பெயர் வந்த வீட்டிலிருந்து ஏதாவது போகும், குழம்போ கொழுக்கட்டையோ முருங்கைக்கீரையோ. எந்த வீட்டுக் குழம்பைச் சன்னாசி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார் என்பதில் கோயில் தெருவுக்கும் நடுத்தெருவுக்கும் போட்டியே வந்தது. பதிலுக்குப் பஞ்சவர்ணம் கத்தரித்த துண்டில் சின்னதாக ஒரு மயிலோ பூவோ தைத்து அனுப்புவாள், இன்றைக்கும் எங்கள் ஊரில் டி.வி. மேல் விரித்திருக்கிற துணிகள் எல்லாம் அவள் தைத்தவை.

சன்னாசி சந்தோஷமாக இருந்தார், அதற்கு ஒரு காரணமும் உண்டு. ஊர்வலத்தில் உறுமிக்காரர் சாமியைப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடக்க வேண்டும், முதுகு போகிற திசைக்கு, முகம் சாமிக்கு. முப்பது வருஷமாக அவர் எங்கள் தெருக்களில் நடந்த நடை எல்லாம் பின்நடை. ஒவ்வொரு வீடும் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, கண்ணில் பட்ட உடனே தள்ளிப் போய்க்கொண்டிருக்கும். போவதாகவே பார்த்த ஊர் இப்போது அவரைப் பார்த்து வந்தது. "வர்து" என்பார், பாதிப் பேச்சில், ஒவ்வொரு வீட்டுக்கும் இடது கையைத் தூக்கி. "வர்து, வர்து." பொண்டாட்டியும் மகளும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஆனால் அவர் காத்திருந்தது ஒரே ஒரு வீட்டுக்கு. நடுத்தெருவில் சாமியாடி வீரணனின் வீட்டுக்கு.

வீரணன் மேல்தான் எங்கள் அம்மன் இறங்கும். இருபத்தேழு திருவிழாவுக்குச் சன்னாசியின் உறுமிக்குத்தான் இறங்கியது. இறங்குமுன் வீரணனுக்கு மூன்று கொட்டாவி வரும், மூன்றாவதில் சன்னாசி வேகத்தைக் கூட்டுவார், அந்தக் கொட்டாவிகளை எண்ணத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். பிறகு ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலுமாக ஊரெல்லாம் நடப்பார்கள், இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. கட்டிய பெண்டாட்டியின் முகத்தைக்கூட இருவரும் அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இருவர் அம்மன் இல்லாத நேரத்தில் பேசிக்கொண்ட பேச்சு, "எப்ப வரணுஞ்சாமி", "சாயங்காலம் வந்துரு", அவ்வளவுதான். சன்னாசி விழுந்த பிறகு போன சித்திரையில் வேறு ஊர் மேளம் வந்தது, அடித்தார்கள், கெட்டியாகத்தான் அடித்தார்கள், வீரணன் கோயில் வாசலில் பட்டும் மாலையுமாக ஒரு மணி நேரம் நின்றார், ஒரு கொட்டாவியும் வரவில்லை. அன்றிலிருந்து அவர் வெளியே வருவது குறைந்துபோனது. சன்னாசியைப் பார்க்க அவர் ஒரு தடவையும் வரவில்லை.

முதல் சுற்றில் அவர் வீடு நகர்ந்து வந்தபோது சன்னாசி மனைவியைக் கூப்பிட்டு மேல்சட்டையைக் கேட்டார். பஞ்சவர்ணம் போட்டுவிட்டுப் பொத்தான் மாட்டினாள். கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் சுற்றில் ரூபிணி கணக்குப் பண்ணி அறுபதாவது எட்டை அந்த வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள், பகல் முழுக்க அந்த வீடு எதிரே நின்றது. வீரணனின் மனைவி வந்து வாசல் பெருக்கினாள், ஒரு சட்டிக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தாள், "ஒடம்புக்கு முடியல அவுகளுக்கு" என்றாள், போய்விட்டாள். மூன்றாம் சுற்றிலும் சட்டை, மூன்றாம் சுற்றிலும் சாத்திய கதவு. அன்று மத்தியானம் சட்டையைக் கழற்றும்போது சன்னாசி அழுதார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் அழுதது, மற்றப் பக்கம் அசையாமல் இருந்தது, ரூபிணிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"விடுங்கப்பா. அவரு பெரிய ஆளு. நம்மகிட்ட வேல இருக்கையில வருவாக, இல்லாட்டி எதுக்கு வரப் போறாக" என்றாள்.

சன்னாசி தலையை ஆட்டினார். "இன்னொ தரம்" என்றார்.

இன்னொரு தரம் இருக்குமா என்பதுதான் சந்தேகமாகிவிட்டது. ஏனென்றால் அந்த வாரம்தான் நாங்கள் பொட்டலைக் காணோம் என்று கண்டுபிடித்தோம். முதல் நாளே போய்விட்டிருக்கிறது, இருபது நாளாக யாருக்கும் தெரியவில்லை, எருமுட்டை தட்டப் போன ஒருத்தி கூடையோடு திரும்பி வந்து, மேளக்காரர் தெருவின் முதல் வீட்டுச் சுவரும் நம் கோயில் தெருவின் முதல் வீட்டுச் சுவரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நடுவில் ஒரு மடிப்பு மட்டும் தெரிகிறது என்றாள். போய்ப் பார்த்தோம். மண்ணில் நேர்க்கோடாக ஒரு தையல் ஓடியது, பஞ்சவர்ணத்தின் கைத்தையல், நெருக்கமாகவும் ஒழுங்காகவும் இருந்தது.

கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். இன்னும் ஒன்பது நாளில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. அதற்குள் தையலைப் பிரித்துவிடச் சொல்ல வேண்டும் என்றார் தலைவர். பொட்டல் எதற்கு என்று யாரோ கேட்டார்கள். எருமுட்டை காயப்போட என்றாள் ஒருத்தி. கிரிக்கெட் ஆட என்றார்கள். காற்று வர என்றார்கள். எப்போதும் இருந்தது இருக்கட்டுமே என்றார் தலைவர். நானும் என் பங்குக்கு, வெள்ளம் வந்தால் தண்ணீர் வடிய இடம் வேண்டும் என்று சொன்னேன். எங்கள் ஊரில் வெள்ளம் வந்ததில்லை. இருநூறு எட்டு வெறும் மண் நமக்கு எதற்கு வேண்டும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை, அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

யார் போய்ச் சொல்வது என்று வந்தபோது ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருந்தவரைக் கை காட்டினோம். தினம் குழம்பு கொடுக்கிற வாயால் எப்படிச் சொல்வது. கடைசியில், சாமியாடி சொன்னால் சாமியே சொன்ன மாதிரி, அவரை அனுப்புவோம் என்று முடிவானது. வீரணன் வீட்டு வாசலில் நின்று தகவல் சொன்னோம். உள்ளேயிருந்து, "வெள்ளிக்கெழம பாக்குறேன்" என்று குரல் வந்தது.

பஞ்சவர்ணத்துக்கு விஷயம் அன்றே போய்விட்டது, ரோசாப்பூதான் சொன்னாள். பஞ்சவர்ணம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பிரிக்கச் சொன்னா பிரிக்கத்தான வேணும்மா. நாளைக்குத் திருவிழாவுக்கு இந்தத் தெருதான வந்து நிக்கணும்" என்றாள். ரூபிணி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். தையலைப் பிரித்தால் ஊர் இருந்த இடத்துக்குப் போய்விடும், அப்பாவின் எதிரே மறுபடி பொட்டல்தான் இருக்கும். படமும் முடியவில்லை. கடைசி எட்டுகளை எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். ஆனால் அவள் படத்தைப் பற்றிப் பேசவில்லை. "வெள்ளிக்கெழம காலைல அவர் வீடுதான் எதிர்ல வருது. அதுக்கு முன்னாடி பிரிக்க விடமாட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை. பத்தேகாலுக்குச் சன்னாசி சட்டையோடு வாசலில் இருந்தார். தேய்த்தார், ரூபிணி இழுத்தாள், வீடுகள் வந்தன. நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றுகொண்டோம், நகர்கிற வீட்டின் வாசலில் நிற்பதால் பார்க்க வேண்டியதைப் பார்க்க நாங்கள் நடக்க வேண்டியிருக்கவில்லை. பதினான்காவது எட்டில் வீரணனின் வீடு எதிரே வந்தது. கதவு சாத்தியிருந்தது. ரூபிணி அடுத்த எட்டுக்குத் துணியில் விரல் வைத்தாள், அப்பாவைப் பார்த்தாள். சன்னாசி தேய்க்கவில்லை. வளைந்த குச்சி உறுமியின் மேல் அப்படியே நின்றது. தேய்க்காமல் அவள் இழுக்க முடியாது. செல்போன் திரை தானாக அணைந்தது, அவள் தட்டி எழுப்பினாள், மறுபடி அணைந்தது, அவள் விட்டுவிட்டாள்.

கதவு திறந்தது. வீரணன் வெளியே வந்தார். கட்டம் போட்ட கைலி, கிழிந்த பனியன், நெற்றியில் திருநீறுகூட இல்லை. அவரை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை, மெலிந்து, சாதாரணமாக, மாட்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிற யாரோ ஒருவர் மாதிரி இருந்தார். தெருவைத் தாண்டப் பத்து எட்டு. ஒவ்வோர் எட்டுக்கும் காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைத்தார், வந்து சேர்ந்து, சன்னாசிக்கு எதிரே ஒரு முழத்தில் நின்றார்.

பஞ்சவர்ணம் எழுந்தாள். "வாங்க சாமி."

"சாமின்னு கூப்புடாத தாயி. அது இப்ப இல்ல."

ரூபிணி உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "உக்காருங்க" என்றாள். அவர் நாற்காலியைப் பார்த்தார், உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பஞ்சவர்ணம் சொம்பில் கொடுத்தாள், வாங்கி வாய் வைத்துக் குடித்தார். தையலைப் பிரிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், கையில் பிளேடையும் வைத்திருந்தாள், அவர் அதைப் பார்த்துவிட்டு, "அத உள்ள வையி" என்றார். பிறகு சன்னாசியைப் பார்த்தார், இருபத்தேழு வருஷம் பார்த்த முகம், பாதி மட்டும் மாறியிருந்த முகம்.

"நீ விழுந்தன்னு அன்னிக்கே தெரியும் சன்னாசி. வரணும்னு நெனைக்காத நாள் இல்ல. அம்மனா இந்தத் தெருவுக்கு வரத் தெரியும். நானா எப்பிடி வர்றதுன்னு தெரியல."

சன்னாசியின் வாய் கோணி அசைந்தது. "வந்துட்ட" என்றார். வீரணனை அவர் ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, வீரணன் தலையை ஆட்டினார்.

ரூபிணி அதற்கப்புறம் துணியை இழுக்கவே இல்லை. நடந்துகொண்டிருக்கும் துணி அப்பா ஒரு வீட்டுக்கு எதிரே சட்டென்று நின்றுவிடுவார், அவ்வளவோடு படம் முடிந்துவிடும், மூன்று நிமிஷத்துக்கு இருபது நொடி குறைவு. அப்படியேதான் அனுப்பினாள், கீழே "இசை: உறுமிக்காரர் சன்னாசி, என் அப்பா" என்று தமிழில் எழுதி அனுப்பினாள். ஊரும் அங்கேயே நின்றுவிட்டது. தையலை யாரும் பிரிக்கவில்லை, அதைப் பற்றி அப்புறம் கூட்டமும் போடவில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த வெள்ளிக்கிழமை, பேச்சு தீர்ந்த பிறகு சன்னாசி இடது கையால் தேய்க்க ஆரம்பித்தார். வழக்கம்போல முனகல் எழுந்தது, அடுத்து அடி விழும் என்று வழக்கம்போல நாங்கள் காத்திருந்தோம், விழவில்லை. வீரணன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து, உறுமியின் கயிற்றில் ஒரு வருஷமாகச் சொருகியே கிடந்த நேர்க்குச்சியை உருவினார். எங்கள் ஊரில் சாமியாடி மேளத்தைத் தொட்டதில்லை. வீரணன் நாற்காலியை இழுத்து நெருக்கிப் போட்டுக்கொண்டு வலது முகத்தில் ஓர் அடி அடித்தார். தப்பான இடத்தில் விழுந்தது. இன்னொன்று அடித்தார், அதுவும் தப்பு. சன்னாசி தேய்ப்பதை மெதுவாக்கி அவருக்காகக் காத்திருந்தார், வீரணன் பின்னாலேயே தட்டுத்தடுமாறி வந்தார், இரண்டு கிழவர்களும் ஒரே மேளத்தை ஆளுக்கொரு பக்கமாக வைத்துக்கொண்டு, இவ்வளவு மோசமான உறுமியை நாங்கள் வாழ்நாளில் கேட்டதில்லை.

எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ரோசாப்பூ ஓடிப்போய் வேப்பிலை ஒடித்து வந்தாள். யாரோ மஞ்சள் தண்ணீர் கரைத்தார்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டோம், கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கைகளைத் தயாராக வைத்துக்கொண்டோம். உறுமியும் வீரணனும் இவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் அம்மன் இறங்காமல் இருக்காது, இந்தக் கொட்டுக்கு அதுதான் அர்த்தம், அது வந்துவிட்டால் எல்லாம் பழையபடி எங்களுக்குப் புரிந்துவிடும். வெயில் ஏறியது. அடி தப்பித் தப்பி விழுந்தது. சன்னாசி வாய் கோணச் சிரித்தார், வீரணனும் சிரித்துவிட்டு மறுபடி குச்சியை ஓங்கினார். வேப்பிலையும் கையுமாக நாங்கள் மத்தியானம்வரை நின்றோம். அம்மன் வரவில்லை. வீரணன்தான் வந்திருந்தார்.